ஏரிக்கரைக் குடிலும் முப்பதடி வராந்தாவும்

துடுப்பு:
ஒதுக்குப்புறமான ஏரிக்கரைக் குடிலுக்கு வார இறுதியில் பிள்ளைகளோடு போக எப்படித் திட்டமிடலாம் என்று இன்னொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கரைவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "வராந்தாவிலிருந்து தண்ணீர் முப்பதடிதான். பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். ஏதாவது என்றால் பிள்ளைகள் கத்துவார்கள், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம்." இதைப் பாராட்டி வரிசையாகப் பின்னூட்டங்கள் வேறு.

கத்த மாட்டார்கள். மூழ்குகிற பிள்ளைக்குக் கத்த வராது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா, ஆட்கள் உண்மையில் தத்தளிப்பதைப் படமெடுத்துப் பார்த்து 1970களிலேயே இதை எழுதிவிட்டார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கணம் மூச்சு விட்டு இழுக்கவே போதாது, பிறகு எங்கே குரல் எழுப்ப? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். தூக்கி ஆட்டிக் கூப்பிட முடியாது. இப்படி 20 முதல் 60 நொடி. அப்புறம் உள்ளே.

கரைவாசி:
முப்பதடி என்று எழுதினேன். முன்னூறு அடி என்று எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். முப்பதடியை ஓடிக் கடக்க நாலைந்து நொடி. உங்கள் கணக்குப்படியே இருபது நொடி இருக்கிறதே, பிறகென்ன பதற்றம்?

நான் ஏரிக்கரையிலேயே வளர்ந்தவன். என் அப்பாவோ தாத்தாவோ எங்கள் பின்னாலேயே நின்றதில்லை. நாங்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறோம். குடிலுக்குப் போவது ஓய்வெடுக்க, காவல் காக்க அல்ல.

துடுப்பு:
அந்த இருபது நொடியை எப்போதிலிருந்து எண்ணுவீர்கள்? சத்தம் வந்தால் அதிலிருந்து எண்ணலாம். சத்தமே வராது என்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் இருக்கும் நீங்கள் தற்செயலாகத் தலை நிமிர்த்தும்போதுதான் உங்கள் கணக்கு தொடங்கும். பிள்ளையின் கணக்கு அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஏரி நீச்சல்குளம் இல்லை. கலங்கல் தண்ணீரில் ஒரு பிள்ளை அமிழ்ந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது, வராந்தாவிலிருந்து எப்படித் தெரியும்? நீலம், வெள்ளை நீச்சலுடை தண்ணீரோடு கலந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, பளிச்சென்ற ரோஜா நிறம் வாங்கச் சொல்வது அழகுக்காக இல்லை. தரையும் ஒரே சீராக இறங்காது. முழங்கால் அளவில் நிற்கிற பிள்ளை இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு. வெயிலில் மேல் தண்ணீர் இதமாக இருக்கும், ஆழம் கூடினால் சட்டென்று சில்லிடும். அந்தக் குளிரில் தன்னையறியாமல் மூச்சை இழுத்துவிடுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முப்பதடியில் இல்லை.

உங்கள் தாத்தா காலத்தில் மூழ்கிப் போனவர்கள் இங்கே வந்து பதிவு எழுத முடியாது. அதனால் "நாங்களெல்லாம் நன்றாக இருக்கிறோம்" என்பது ஒரு வாதமே இல்லை.

தாமரைத்தண்டு:
கேட்டவர் இந்நேரம் முன்பதிவையே ரத்து செய்திருப்பார். துடுப்பு சொல்வது சரியாகவே இருக்கட்டும். அந்த "பெரியவர் ஒருவர்" யார்? அதை இரண்டு பேரும் சொல்லவில்லை. நாலு குடும்பம் சேர்ந்து போனால் மத்தியானம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் வராந்தாவில், பெண்கள் அடுப்படியில், பிள்ளைகள் தண்ணீரில். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்பே முறை போட்டுத் தாளில் எழுதுங்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் போன் கிடையாது, புத்தகம் கிடையாது, மது கிடையவே கிடையாது. அடுத்தவர் வந்து "இனி நான்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது.

கரைவாசி:
இதில் ஆண், பெண் என்று இழுக்க வேண்டிய அவசியம் என்ன? எங்கள் வீட்டில் வெளியூர் போனால் சமைப்பது நான்தான், உங்களுக்கு அது தெரியாது. முப்பதடி பற்றிப் பேசினால் முப்பதடி பற்றியே பேசுங்கள்.

பிள்ளைகள் கையில் காற்றடைத்த மிதவை மாட்டித்தான் தண்ணீரில் இறங்குவார்கள். துடுப்பு அண்ணாச்சிக்கு அது போதாதோ?

துடுப்பு:
போதாது! காற்றடைத்த கைமிதவை விளையாட்டுச் சாமான். கை வழியாகக் கழன்று வரும், ஓட்டை விழுந்தால் காற்று போய்விடும், பிள்ளை கவிழ்ந்தால் முகத்தை மேலே திருப்பாது. மிதக்கும் படுக்கை இன்னும் மோசம், கரையிலிருந்து காற்று வீசினால் பிள்ளையோடு ஏரி நடுவுக்குப் போய்விடும்.

உயிர்காப்புச் சட்டை என்பது வேறு. ஐஎஸ்ஓ 12402 என்று ஒரு தரம் இருக்கிறது. மிதக்க வைக்கும் விசையை அதில் நியூட்டன் கணக்கில் சொல்வார்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கான மிதப்பு உதவிதான். பிள்ளைகளுக்கு 100 அல்லது அதற்கு மேல். சின்னப் பிள்ளைக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும் கால்களுக்கிடையே போகும் வாரும் இருக்க வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அளவு சரியில்லை. இதை வீட்டிலேயே செய்துபாருங்கள். குடிலில் பெரியவர் அளவுச் சட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் போட்டாலும் பக்கத்தில் ஆள் வேண்டும், அது வேறு விஷயம்.

சும்மாவந்தவன்:
எதற்கு இத்தனை பயம்? ஏதாவது என்றால் 112 அடித்தால் ஆயிற்று. சிக்னல் இல்லாவிட்டாலும் அந்த எண் போகும்.

தாமரைத்தண்டு:
போகாது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோது வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அது வழியாகப் போகும். எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் 112ம் இல்லை, ஒன்றும் இல்லை. 2022ல் வந்த ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறது, அதுவும் சில நாடுகளில்தான். போய்ச் சேர்ந்ததும் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று நடந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சும்மாவந்தவன்:
என் போனில் "அவசர அழைப்பு மட்டும்" என்று வந்திருக்கிறது மேடம். சிக்னல் இல்லாமல்தானே அப்படி வருகிறது?

துடுப்பு:
அப்படி வந்தால் வேறொரு கோபுரம் எட்டுகிறது என்று அர்த்தம், தம்பி. தாமரைத்தண்டு அதைத்தானே எழுதியிருக்கிறார்?

அழைப்பு போனாலும் ஆம்புலன்ஸ் எப்போது வரும்? ஒதுக்குப்புறம் வேண்டும் என்று தேடிப்போய் எடுத்த இடம் அது. அதனால்தான் கூட்டத்தில் இரண்டு பேருக்காவது முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் ஐந்து மூச்சு, பிறகு அழுத்தம். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது இதெல்லாம் நேரத்தைக் கொல்லும் வேலை.

கரைவாசி:
இவர் எதற்குத்தான் பயப்பட மாட்டார்? கூடார இழை ஞாபகம் இருக்கிறதா? இரவில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியதற்கு மூன்று பக்கம் சண்டை போட்டவர். அன்றைக்கு மட்டுறுத்துநரிடம் போய்ப் புகார் சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும்.

துடுப்பு:
நான்தான் சொன்னேன். இப்போதும் சொல்வேன். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல் என்று பிள்ளை சொன்னால் பயணக் களைப்பு என்று நினைத்துத் தூங்க வைத்துவிடுவீர்கள். குடிலிலும் அதே கதைதான். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓட்டினால் ஜன்னல், கதவு எதிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி வெளியே இருக்க வேண்டும். வராந்தாவில் வைக்கக் கூடாது. உங்களுக்கு வராந்தாவின் மேல் இருக்கும் பாசத்தைப் பார்த்தால் அங்கேதான் வைப்பீர்கள்.

கரைவாசி:
ஜெனரேட்டர் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. முப்பதடிக்குப் பதில் இல்லாததால் பேச்சை மாற்றுகிறீர்கள்.

துடுப்பு:
முப்பதடிக்குப் பதில் முதல் பதிவிலேயே இருக்கிறது. நீங்கள் படிக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். நீந்தப் போகும் நேரத்தில்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விடியற்காலையில் பெரியவர்கள் அசந்து தூங்கும்போது சின்னது முதலில் எழுந்து, நேற்றுக் கரையில் விட்ட பொம்மையைத் தேடிக் கதவைத் திறந்துகொண்டு போகும். அப்போது உங்கள் வராந்தாவில் யார் இருப்பார்கள்? அதனால் பொம்மைகளைச் சாயங்காலமே உள்ளே எடுத்து வையுங்கள். ஏரிப்பக்கக் கதவுக்குப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கரைவாசி:
அடுத்து தாழ்ப்பாளா? வாடகைக் குடிலில் என்னை ஆணி அடிக்கச் சொல்கிறீர்களா?

துடுப்பு:
ஆணி வேண்டாம். கதவு திறந்தால் சத்தம் போடும் சின்ன அலாரம் ஒட்டும் பட்டையோடு கிடைக்கிறது. ஒட்டிவிட்டுக் கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தாமரைத்தண்டு:
விடிகாலையில் அந்த அலாரம் அடித்தால் எழுந்து போவது யார்? கரைவாசி, உங்கள் வீட்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கரைவாசி:
மறுபடியும் ஆண், பெண்ணா?