முயலுக்கும் காகித இலக்குக்கும் ஒரே ரைபிள்: .22 எல்ஆரா, .17 எச்எம்ஆரா?

கேள்வி

ரைபிளுக்கான உரிமம் கைக்கு வந்துவிட்டது. வாராவாரம் 50 மீட்டரில் காகித இலக்கு சுடுவேன். மாதம் ஓரிரு முறை, அனுமதி உள்ள நிலத்தில் முயல் வேட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டாவே போதும் என்கிறார்கள் சிலர். .17 எச்எம்ஆர் (ஹார்னடி மேக்னம் ரிம்ஃபயர்) தோட்டாதான் நேராகப் போகும் என்கிறார்கள் வேறு சிலர். எதை எடுக்கலாம்?

பதில் 1

தம்பி, உங்கள் தோட்டாவில் பத்துக்கு ஒன்பது காகிதத்துக்குத்தான் போகப்போகிறது. அப்படியென்றால் .22 எல்ஆர். 1887-இல் வந்த தோட்டா. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டி இன்றும் இதில்தான் நடக்கிறது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்.

ஆனால் 'அதிவேகம்' என்று போட்ட பெட்டியை இலக்குக்கு வாங்காதீர்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு வழியிலேயே வேகத்தை மளமளவென்று இழக்கிறது. பக்கக் காற்று அதை அதிகமாகத் தள்ளுகிறது. ஒலிக்குக் கீழேயே கிளம்பும் தோட்டா காற்றில் குறைவாகத்தான் விலகும்.

வேட்டையில் தூரம்தான் எல்லாம். ஒரு மாலை, 50 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியால் 90 மீட்டரில் இருந்த முயலைச் சுட்டேன். பக்கத்தில் இருப்பதாக நினைத்துத் தலைக்குக் குறிவைத்தேன். குண்டு இறங்கிப் பின்காலில் பட்டது. காலை இழுத்துக்கொண்டே முயல் வளைக்குள் போய்விட்டது. இருட்டும்வரை வளை வாயிலிலேயே உட்கார்ந்திருந்தேன், வெளியே வரவில்லை. அன்றிலிருந்து 60 மீட்டருக்கு மேல் எல்ஆரில் உயிரைச் சுடுவதில்லை.

பதில் 2

அண்ணன் சொன்ன அந்த 90 மீட்டருக்குத்தான் நான் எச்எம்ஆர் வைத்திருக்கிறேன். 2002-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது; .22 மேக்னம் என்ற தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி 17 கிரெய்ன் (சுமார் 1.1 கிராம்) குண்டைப் பொருத்தினார்கள். விநாடிக்கு 770 மீட்டருக்கு மேல் கிளம்பும், அதனால் 100 மீட்டர் வரை பெரிதாக இறங்காது. தலைக்கு மட்டும் சுடுங்கள், உடம்பில் பட்டால் கறி சிதறிவிடும். தோட்டா விலை எல்ஆரைவிட நன்றாகவே கூடுதல்.

கேட்டவர்

சுட்ட கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பினால் செலவு குறையுமா?

பதில் 1

எல்ஆர், எச்எம்ஆர், மேக்னம் மூன்றிலும் முடியாது. எல்லாம் ரிம்ஃபயர். பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. நிரப்பிச் சுட ஆசையென்றால் .22 ஹார்னெட் போன்ற சென்டர்ஃபயர், அதாவது பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடிப்பகுதி நடுவில் இருக்கும் வகை வேண்டும். அது வாரா வாரம் இலக்கு சுடுகிறவருக்குத் தேவையில்லை.

சரி, எல்ஆரே எடுத்தால் முதல் நாளே மொத்தமாகத் தோட்டா வாங்காதீர்கள். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். எல்ஆர் குண்டுக்கு வெளியே மெழுகோ கிரீஸோ தடவியிருக்கும், விரலில் ஒட்டும். வகைக்கு வகை அதுவும் மாறும், முந்தைய வகையின் பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும். அதனால் வகை மாற்றியதும் ஏழெட்டுத் தோட்டாவை வெறுமனே சுட்டுவிட்டு, அப்புறம் ஐந்தைந்தாகச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். என் குழலில் ஒரு வகை சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கியது. அதைவிட விலை கூடிய இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு பரவியது. அடங்கியது எதுவோ, அதே உற்பத்தி எண்ணில் கிடைக்கிற வரை வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, ஈயக்குண்டு தண்ணீரிலும் இறுகிய தரையிலும் பட்டால் எகிறிப் பறக்கும். ஒன்றரை மைல் வரை போகும் என்று பல பெட்டிகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். முயலுக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால் விசையைத் தொடாதீர்கள் தம்பி.