சுரக்கொத்தா, சுரத்திரளா? 'டோன் கிளஸ்டர்' – கலைச்சொல் இழை

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

இருபதாம் நூற்றாண்டு ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கான சொற்பட்டியலில் 'டோன் கிளஸ்டர்' எதிரே உள்ள கட்டம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. கட்டுரைகளில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: சுரக்கொத்து, அபசுரக் கூட்டம், இரைச்சல். பின்னிரண்டும் பொருளைச் சொல்லவில்லை, தீர்ப்பைச் சொல்கின்றன. அதனால்தான் இந்த இழை.

பொருள் எளிது. அடுத்தடுத்த சுரத்தானங்கள் மூன்றோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஆர்மோனியத்தின் கட்டைகள்மேல் முழங்கையை வைத்து அழுத்தினால் கேட்பது இதுதான். பியானோவில் இதை ஒரு முறையாகவே வகுத்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல். எந்தக் கட்டைக்கு உள்ளங்கை, எதற்கு முன்கை என்பதெல்லாம் அவர் எழுத்தில் தெளிவாக இருக்கும். கீழெல்லைச் சுரத்தையும் மேலெல்லைச் சுரத்தையும் எழுதி, நடுவில் தடித்த கோடு போட்டுவிடுவார். 1923இல் லைப்சிக் நகரில் அவர் வாசித்தபோது அவையோர் இரு கட்சியாகி, மேடைவரை ஏறிக் கைகலந்தார்கள். (அதே கவல் தம் 13ஆம் சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்து, அதில் ஜலதரங்கத்தையும் சேர்த்தார். 1959இல் அது சென்னையிலேயே அரங்கேறியது. இந்தச் சொல்லைத் தமிழாக்க நமக்கு ஓர் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.)

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்தபின் பொருள் பெரிதாகிறது. போலந்தின் பெண்டெரெட்ஸ்கி 1960இல் எழுதிய படைப்புக்கு 52 தந்திக் கருவிகள்: வயலின் 24, வியோலா 10, செல்லோ 10, டபுள் பாஸ் 8. முடிவில் 52 பேரும் ஆளுக்கொரு காற்சுரத்தில் (பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட அரைச்சுரத்தில் பாதி) நின்று, முழு வலுவில் தொடங்கி 30 விநாடியில் ஒலி தேய்ந்து மறைகிறது. முதலில் இதன் தலைப்பு வெறும் கால அளவு: 8 நிமிடம் 37 விநாடி. பிறகுதான் 'ஹிரோஷிமாவில் மாண்டோருக்கான இரங்கல்' ஆனது. இசைத்தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கேட்டவர்களின் காது மாறியது. பெயர் ஒன்று மாறினால் இத்தனை மாறும் துறையில், நாம் வைக்கும் கலைச்சொல்லும் கேட்பவரை ஒரு பக்கம் சாய்க்கும். 'இரைச்சல்' என்று நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சிட்டால், எழுந்து போகிறவருக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம்.

யோசனைகளை எதிர்பார்க்கிறேன்.

மடல் 2

> சுரக்கொத்து, அபசுரக் கூட்டம், இரைச்சல்

சுரக்கொத்தையே வைத்துக்கொள்ளலாமே? கணினித் துறையில் கிளஸ்டர் என்றால் கொத்து என்று எழுதிப் பழகிவிட்டது. துறைக்கொரு சொல் வைத்தால் மொழிபெயர்ப்பாளர்தான் திண்டாடுவார்.

மடல் 3

இல்லை நண்பரே, கொத்து இங்கே பொருந்தாது. பூங்கொத்து, சாவிக்கொத்து, வாழைப்பூவில் காய்க்கொத்து – எல்லாவற்றிலும் ஒரு காம்பு இருக்கிறது, அதில் தொங்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கிளஸ்டரின் இயல்பே தனிச்சுரம் காதுக்குத் தெரியாமல் போவது. மூன்று சுரம் சேர்ந்த மேஜர் கார்டை வேண்டுமானால் கொத்து என்னலாம், மூன்றையும் பிரித்துப் பாடிக்காட்ட முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. கிளஸ்டர் பாம் என்பதற்குச் செய்தித் தமிழில் கொத்துக்குண்டு என்பது நிலைத்துவிட்டது. ஹிரோஷிமா இரங்கலைப் பற்றிய பத்தியில் 'சுரக்கொத்து விழுகிறது' என்று எழுதினால், அந்தச் சொல்லோடு வாழ நேர்ந்த வாசகருக்கு அது எப்படி ஒலிக்கும் என்று பாருங்கள்.

என் முன்மொழிவு: திரள். முகில் திரள்கிறது, கடைந்த மோரில் வெண்ணெய் திரள்கிறது, மக்கள் திரள்கிறார்கள். பல சேர்ந்து ஒன்றாகி, அந்த ஒன்றுக்கு ஓர் உருவமும் எடையும் வந்துவிடுவது. பெயராகவும் நிற்கும், வினையாகவும் ஓடும்: திரள்கிறது, திரட்டுகிறார், திரள் விரிகிறது, திரள் கரைகிறது. சுரம் + திரள் = சுரத்திரள்.

மடல் 4

திரளை ஏற்கிறேன். ஆனால் 'சுரம்' எதற்கு? நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: நரம்பு. சிலப்பதிகார வேனிற்காதையிலேயே 'இணைகிளை பகைநட் பென்றிந் நான்கின்' என்று நரம்புகளின் உறவு பேசப்படுகிறது. டிசோனன்ஸ் (சுரங்கள் ஒன்றோடொன்று இணங்காமல் உரசுவது) என்பதற்குப் 'பகை' கைமேல் இருக்கிறது. 'பகைநரம்புத் திரள்' என்றால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபும் கூடவே வருமே.

மடல் 5

ஐயா, மரபு வரவேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் இந்தப் பொருளுக்கு அந்தச் சொல் தவறாகப் போகும்.

ஒன்று: உரைமரபில், நின்ற நரம்பிலிருந்து எண்ணி மூன்றாவதும் ஆறாவதும் பகை. ஐரோப்பிய இசையில் அந்த மூன்றும் ஆறும்தான் இனிய இடைவெளிகள், மேஜர் கார்டே மூன்றின்மேல்தான் நிற்கிறது. அடுத்தடுத்த சுரங்களின் உரசலுக்குப் பகை என்று பெயரிட்டால், இரண்டு இலக்கணங்களையும் படிக்கும் மாணவர் நடுத்தெருவில் நிற்பார். பகையை அதன் பழைய பொருளிலேயே காப்பாற்றுவோம்.

இரண்டு: நரம்புத்திரள் என்றால் இன்று எவருக்கும் மருத்துவம்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். திரள் எல்லாமே உறுத்தும் என்பது உண்மையல்ல. பியானோவின் கருங்கட்டைகளை மட்டும், அடுத்தடுத்த ஐந்தை, உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எஃப் ஷார்ப்பை ஷட்ஜமாக வைத்தால் அது மோகனத்தின் ச ரி க ப த. மணியடித்தது போல ஒலித்து அடங்கும். அதே கைக்குள் பன்னிரண்டு கட்டைகளில் அடுத்தடுத்த ஐந்தை அழுத்தினால் பல் கூசும். கவலின் கணக்கில் இரண்டுமே கிளஸ்டர்தான். எனவே 'அபசுர', 'பகை' போன்ற அடைமொழி எதுவும் தலைச்சொல்லில் நுழையக் கூடாது. வகையைப் பின்னால் பிரிக்கலாம்: கருங்கட்டைத் திரள், வெண்கட்டைத் திரள், பன்னிருதானத் திரள், காற்சுரத் திரள்.

மடல் 6

ஒலியியல் பக்கத்திலிருந்து சில எண்கள். விரும்புவோரும் வெறுப்போரும் ஒரே இருக்கை வரிசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

நெருங்கிய இரு அதிர்வெண்கள் சேர்ந்தால் விம்மல் (பள்ளி இயற்பியல் பாடநூலின் சொல்). 440, 442 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 2 விம்மல். வயலின் கம்பியைச் சுருதி கூட்டுவோர் இதைக் கேட்டுத்தான் கூட்டுகிறார்கள். 440ஓடு அதன் மேல் அரைச்சுரமான 466 சேர்ந்தால் 26 விம்மல். அதை எண்ண முடியாது, கரகரப்பாக மட்டும் உணர்கிறோம். 1965இல் நெதர்லாந்தின் பிளோம்ப், லெவெல்ட் இருவரும் அளந்து காட்டியபடி, காதின் உய்யப் பட்டையில் ('கிரிட்டிகல் பேண்ட்', இரு அதிர்வெண்களைக் காது தெளிவாகப் பிரித்தறியாத அகலம்) ஏறக்குறைய கால் பங்கு இடைவெளியில்தான் கரகரப்பு உச்சம். 500 ஹெர்ட்ஸ் அருகே அந்தப் பட்டை சுமார் 100 ஹெர்ட்ஸ், அதில் கால் பங்கு 25. அதாவது நடு ஸ்தாயியின் அரைச்சுரம் மிகச் சரியாக அந்த உச்சத்தில் போய் உட்காருகிறது. அங்கே திரளை வலுவாக வாசித்தால் முகம் சுளிப்பது ரசனைக் குறைவு அல்ல, உட்செவியின் வேலை.

ஸ்தாயி மாறினால் கதை மாறும். டபுள் பாஸின் அடிக்கம்பியில் 41.2, 43.7 ஹெர்ட்ஸ் சேர்ந்தால் வெறும் இரண்டரை விம்மல்: தூரத்து உறுமல். மேல் ஸ்தாயியில் 2093, 2217 சேர்ந்தால் வித்தியாசம் 124: கரகரப்பு குறைந்து சீழ்க்கை போலாகிறது. வலுவும் கணக்கில் உண்டு.

இசையமைப்பாளர் லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபேர்' என்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு இதற்கு நேர்ச்சான்று. 14, 14, 10, 10, 8 என்று 56 தந்திக் கருவியாளர்களுக்கும் தனித்தனி வரி. தொடக்கத் திரள் ஐந்து ஸ்தாயிக்கு மேல் பரந்திருந்தும் மிகமிக மெல்லிய ஒலியில் நிற்கிறது. 1961 அக்டோபர் 22, ஜெர்மனியின் டொனாவ்எஷிங்கன் விழாவில் ஹான்ஸ் ரோஸ்பௌட் நடத்திய அரங்கேற்றத்தில் அவை மறுபடி கேட்டது, மறுபடி வாசித்தார்கள். புதிய இசைக்கென்றே கூடிய அவை அது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மறுபக்கம், 1954 டிசம்பர் 2இல் பாரிஸில் வரேஸின் 'தெஸேர்' படைப்பை மோட்சார்ட்டுக்கும் சாய்கோவ்ஸ்கிக்கும் நடுவில் வைத்தார்கள். சாய்கோவ்ஸ்கிக்காகச் சீட்டு வாங்கியவர்கள் கூச்சலிட்டார்கள், அது வானொலியில் நேரடியாகவே போயிற்று. யாரை அழைத்தோம், முன்னும் பின்னும் எதை வைத்தோம் என்பது கரகரப்புக்குச் சமமாக வேலை செய்கிறது.

மடல் 7

வாசிப்பவர் பக்கம் ஒன்று சேர்க்கவேண்டும், ஏனென்றால் வரையறையே இதைப் பொறுத்தது.

காற்சுரத் திரளில் வழக்கமாக நேரும் பிழை, ஆள் பக்கத்து ஆளின் சுரத்துக்கு வழுக்கிப்போவது. காது இணைவைத் தேடும், விரல் அதன் பின்னால் போகும். 440க்கு மேல் காற்சுரம் 453. அங்கே நிற்கவேண்டியவர் 440க்கு இறங்கிவிட்டால் ஒரு சுரம் இரட்டிக்கிறது, ஓர் இடம் ஓட்டையாகிறது. நாலைந்து ஓட்டை விழுந்தால் திரள் போய், 'சரியாக வாசிக்கத் தெரியாத குழு' என்ற ஒலி வரும். அவையில் எழும் கேலியில் ஒரு பங்கு இசைக்கு உரியதல்ல, ஒத்திகைக்கு உரியது. திருத்தும் வழி: ஒத்திகையில் அடியிலிருந்து ஒவ்வொருவராக ஏறி நுழைவது, சுருதிமானியை மேசையில் வைத்து ஒவ்வொருவரும் தம் தானத்தில் விரலை நிலைப்படுத்துவது, அதிர்வுவிரலை (விப்ராட்டோ) அறவே நிறுத்துவது, வில்லைத் திருப்பும் நேரத்தை ஆளுக்கு ஆள் மாற்றி வைப்பது. எல்லோரும் ஒன்றாக வில் திருப்பினால் திரளுக்கு மூச்சு வாங்கும்.

இதிலிருந்து என் கோரிக்கை: இரண்டு சொற்கள் வேண்டும். எத்தனை தானம், எங்கிருந்து எங்குவரை என்று எழுதிக்காட்டக்கூடியது ஒன்று. தானம் எதுவென்பதே முக்கியமில்லாமல் அடர்த்தி, நிறம், அசைவு மட்டும் கேட்பது மற்றொன்று. 'சவுண்ட் மாஸ்' என்பார்கள். பின்னதற்கு ஒலிப்பிழம்பு என்று வைக்கலாமா? தீப்பிழம்பு, ஒளிப்பிழம்பு வரிசையில் அழகாக நிற்கிறது.

மடல் 3 எழுதியவரின் மறுமொழி

பிழம்பு அழகுதான், அம்மா. அதுதான் எனக்குத் தயக்கம். இரைச்சல் ஒரு கட்சிக்குக் கொடி பிடிக்கிறது என்றால், பிழம்பு மறு கட்சிக்குப் பிடிக்கிறது. கேட்டுச் சலித்து வெளியே போனவரும் 'அந்த ஒலித்திரள் எனக்குப் பிடிக்கவில்லை' என்று அதே சொல்லால் பேச இடம் இருக்கவேண்டும். 'அந்தப் பிழம்பு பிடிக்கவில்லை' என்று யார் சொல்வார்கள்? ஒலித்திரள் போதும். பிழம்பைக் கவிஞரும் விமர்சகரும் எடுத்துக்கொள்ளட்டும்.

மடல் 7 எழுதியவரின் மறுமொழி

ஏற்கிறேன். சுரத்திரள், ஒலித்திரள்: இணையாகவும் நிற்கின்றன, வேறுபாடும் முதற்சொல்லிலேயே தெரிகிறது.

மடல் 2 எழுதியவரின் மறுமொழி

கொத்தைக் கைவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. சுரம் என்றால் காய்ச்சல், சுரம் என்றால் பாலைநிலம். மேலும் நம் சுரம் கமகத்தோடு அசைவது, அங்கே நிற்பதோ அசையாத தானம். சுரத்தானத் திரள் என்று முழுதாக எழுதினால் என்ன?

மடல் 1 எழுதியவரின் மறுமொழி

கேள்வி நியாயமானது. துல்லியத்துக்குச் சுரத்தானத் திரள்தான் சரி. ஆனால் ஒரு பத்தியில் ஆறுமுறை வரும் சொல்லுக்கு இரண்டு அசை கூடுதலாகச் சுமப்பது கடினம். காய்ச்சலையும் பாலையையும் பற்றிக் கவலையில்லை, 'திரள்' பக்கத்தில் வந்ததும் அவை விலகிவிடுகின்றன. வரையறையில் தானம் என்று எழுதி, தலைச்சொல்லைச் சுருக்கமாக வைப்போம்.

எல்லையையும் கட்டவேண்டும், ஏனென்றால் கூச்சல் எழுந்த இடத்திலெல்லாம் திரள் இருந்ததாக எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. 1913 மே 29, பாரிஸில் ஸ்த்ரவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' கலவரம்: அங்கே குத்திக் குத்தி ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற கார்டு, ஈ மேஜர்மேல் ஈ ஃபிளாட் ஏழாம் கார்டை அடுக்கியது. இரண்டு கார்டுகளின் அடுக்கு, திரள் அல்ல. அதே ஆண்டு மார்ச் 31, வியன்னாவில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி பெர்க்கின் பாடல்களின்போது அடிதடியாகி நின்றது, அடுத்திருந்த மாலரின் பாடல்கள் இசைக்கப்படவே இல்லை. அந்தப் பெர்க் பாடல்களில் ஒன்று பன்னிரண்டு தானங்களும் கொண்ட கார்டுடன் தொடங்குகிறது. பன்னிரண்டும் இருந்தும் அது திரளாகாது, பல ஸ்தாயிகளில் இடைவெளி விட்டுப் பரந்து நிற்கிறது. எண்ணிக்கை பெரிதானால் திரள் ஆகிவிடாது, நெருக்கம் வேண்டும்.

பட்டியலில் ஏற்றப்போகும் வடிவம்:

சுரத்திரள் (பெயர்): ஓர் அளவுகோலில் அடுத்தடுத்து அமைந்த மூன்றோ அதற்கு மேற்பட்டதோ ஆன சுரத்தானங்கள் ஒருசேர ஒலிப்பது. அளவுகோல் பன்னிரு தானமாகவோ, வெண்கட்டை அல்லது கருங்கட்டை மட்டுமாகவோ, காற்சுரமாகவோ இருக்கலாம். இனிமை, கடுமை இரண்டும் வரையறையில் அடங்கா. ஒப்பிடுக: ஒலித்திரள்.

எடுத்துக்காட்டு வாக்கியம்: 'இறுதியில் 52 தந்திக் கருவிகளும் காற்சுரத் திரளாக நின்று 30 விநாடியில் தேய்கின்றன.'

காற்சுர இடைவெளியில் 52 பேர் என்றால் 51 இடைவெளி, ஒரு ஸ்தாயிக்கு 24. ஆக இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேல். 'நான்கு ஸ்தாயி அகலத் திரள்' என்று எங்காவது அச்சாகியிருந்தால் அதையும் கையோடு திருத்திவிடுங்கள், அது அரைச்சுரக் கணக்கில் போட்ட பிழை.