மறு: வெதரிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுவதற்கு ஒரு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வேவுக்கு அனுப்பிய ஸ்பிட்ஃபயர் பி.ஆர். 11. அளவு 1/72. பாகங்களை வெட்டி எடுப்பது, ஒட்டுவது, இடைவெளியை அடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, வண்ணம் அடிப்பது வரைக்கும் தமிழ் தடையில்லாமல் வந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டேன்.

பொம்மை போலப் பளிச்சென்று இருக்கும் மாதிரியை, உண்மையிலேயே பறந்து வந்த விமானம் போலக் காட்டச் செய்கிற வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்து வெதரிங் என்கிறோம். புகைக்கரி, எண்ணெய் ஒழுகல், வண்ணம் உதிர்ந்த இடம், வெயிலில் வெளிறிய மேற்பரப்பு எல்லாம் அதில் அடக்கம். பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய ஒரு சொல் வேண்டும். 'இன்னும் வெதரிங் பண்ணவில்லை', 'அளவுக்கு மீறிப் பண்ணிவிட்டார்' என்று நாம் பேசுவதெல்லாம் அதில் வர வேண்டும்.

(வேவு விமானமா உளவு விமானமா என்பதை மறுபடி கிளப்ப வேண்டாம். வேவு என்றே எழுதியிருக்கிறேன்.)

———

> ஒரு சொல் வேண்டும்

ஏற்கெனவே இருக்கிறதே ஐயா. பள்ளிப் புவியியலில் 'வானிலைச் சிதைவு' என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பாறைக்கும் மாதிரிக்கும் ஒரே சொல்தான். தமிழில் மட்டும் ஏன் இரண்டு? துறைக்கொரு சொல் என்று பெருக்கிக்கொண்டே போனால் கலைச்சொல் பட்டியல் தடிக்குமே தவிர, யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

———

வானிலைச் சிதைவு என்றதும் மழையில் கரைந்த மலைதான் கண்முன் வருகிறது. பறக்கிற விமானம் வரவில்லை.

என் பரிந்துரை: பழமையூட்டல். வண்ணமூட்டல், மணமூட்டல் என்று ஏற்கெனவே ஓடுகிற அச்சு. கேட்டவுடன் புரியும். பழமை வேண்டாம் என்றால் தேய்வூட்டல். தேய்வூட்டிய மாதிரி, தேய்வூட்டாத மாதிரி என்று அடைமொழியாகவும் வரும்.

———

வணக்கம். மூன்றையும் பார்த்தேன். அகராதியைச் சற்று மூடிவைத்துவிட்டு விமானத்தைப் பார்த்தால் நல்லது. கையேட்டுக்கு எடுத்த விமானமே இந்த மூன்றில் இரண்டைத் தள்ளிவிடுகிறது, மூன்றாவதையும் அரைகுறையாக்கிவிடுகிறது.

> வானிலைச் சிதைவு

பாறையில் நடப்பது தானாக நடக்கிறது. நம் மேசையில் நடப்பதை ஓர் ஆள் திட்டமிட்டுச் செய்கிறார். எதுவும் சிதைவதில்லை, பூச்சுக்கு மேல் பூச்சு சேர்கிறது. ஆகவே செய்கிறவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், ஸ்பிட்ஃபயர் உடம்பில் தெரியும் அழுக்கில் வானிலைக்குப் பங்கு குறைவு. பெரும்பங்கு எஞ்சினுக்கு. மிச்சம் அதன் மேல் ஏறி இறங்கிய மனிதர்களுக்கு.

> பழமையூட்டல்

போர்க்கால விமானத்துக்குப் பழசாக நேரம் கிடைக்கவில்லை. சுட்டு வீழ்த்தப்படும், தரையிறங்கும்போது நொறுங்கும், இல்லையென்றால் அடுத்த வகை வந்து அதை ஓரங்கட்டும். பி.ஆர். 11 படைக்கு வரத் தொடங்கியது 1942 இன் கடைசியில். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதம். எந்த ஒரு பி.ஆர். 11-க்கும் அன்று இரண்டரை வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. நாம் காட்ட வேண்டியது கிழட்டு விமானத்தை அல்ல. சில மாதமே ஆன, ஆனால் ஓயாமல் உழைத்த விமானத்தை. பழமையூட்டல் என்று கையேட்டில் படிக்கிற புதியவர் என்ன செய்வார்? துருவையும் பாசியையும் கொண்டுவந்து அப்புவார். விமானத்தின் தோல் அலுமினியம், துருவுக்கு அங்கே வேலையே இல்லை.

> தேய்வூட்டல்

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். போர் விமானம் என்றால் ஒத்துக்கொண்டும் விடுவேன். வேவு விமானத்தில்தான் இது இடிக்கிறது.

பி.ஆர். 11-இல் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி இருந்த இறக்கை முன்விளிம்பில் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள், பக்கத்துக்கு ஏறத்தாழ 66 கேலன். முன்கண்ணாடியில் குண்டு துளைக்காத கனத்த தகடும் இல்லை, அதற்குப் பதில் வளைந்த கண்ணாடி. எதிரி துரத்தினால் உயரமும் வேகமும்தான் துணை. அதனால் தகட்டு இணைப்புகளை அடைத்து, தேய்த்து, மேற்பரப்பை வழவழவென்று வைத்திருந்தார்கள். பெயர்ந்து நிற்கிற வண்ணமும் சொரசொரப்பும் காற்றைப் பிடித்து வேகத்தைத் தின்றுவிடும். இப்படிப்பட்ட விமானத்தின் மாதிரியில் இறக்கை முழுக்க வெள்ளி நிறக் கீறல் போட்டுத் தேய்வூட்டினால், பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அது வேவு விமானம் இல்லை.

அளவையும் கணக்கில் எடுங்கள். 1/72 மாதிரியில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளிப் புள்ளி ஒன்று வைத்தால், உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர் அகல ஓட்டை போன்ற காயம். தகட்டுக்கோட்டில் ஓடவிடும் கறுப்பு மை 0.3 மில்லிமீட்டர் இருந்தால், அங்கே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வாய் பிளந்து நிற்கும். தகடுகளுக்கு இடையே அவ்வளவு இடம் இருந்தால் யாரும் அதில் ஏறியிருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் வேவு ஸ்பிட்ஃபயரில் எதைத்தான் காட்டுவது? நிறைய இருக்கிறது. பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய். பல மணி நேரம், குறைந்த எரிபொருள் கலவையில், மிக உயரத்தில் பறந்து திரும்புகிற விமானம். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். ஆகவே குழாய்க்குப் பின்னால் படிவது கன்னங்கரேல் என்ற கரி மட்டும் இல்லை, வெளிறிய சாம்பலும் பழுப்பும் கலந்த பட்டை. பி.ஆர். 11-க்கு அடித்தது நீலம், அந்த நீல உடம்பில் அது தனியாகத் தெரியும். கறுப்பை மெல்லிசாக அடித்து, அதன் நடுவில் சாம்பல் நிறப் பொடியைத் தேய்த்தால் பொருத்தமாக வரும். அப்புறம் எஞ்சினுக்கு அடியிலிருந்து வயிற்றோடு பின்னால் ஓடும் எண்ணெய். எரிபொருள் மூடியைச் சுற்றி வழிந்த கறை. விமானி ஏறும் கதவு இடப்பக்கம், அதனால் இடது இறக்கையின் அடிப்பகுதியில் காலணி பட்ட அழுக்கு. வலப்பக்கத்திலும் ஆள் ஏறுவார்கள், ஆனால் இடப்பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும்.

விமானியின் இருக்கைக்குப் பின்னால், வயிற்றில், கேமராவுக்கான வட்டக் கண்ணாடிகள் உண்டு. எண்ணெய் ஓடுகிற வழி அதுதான் என்றாலும் அந்தக் கண்ணாடிகளை மட்டும் பளிங்குபோல் விட்டுவிடுங்கள். விமானம் கிளம்புவதே அவற்றுக்காகத்தான். அவற்றைத் துடைக்காமல் எந்தத் தரைப் பணியாளரும் அனுப்பியிருக்க மாட்டார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாமே ஏதோ ஒன்று நடந்ததன் தடம். புகை போன தடம், எண்ணெய் ஓடிய தடம், கால் வைத்த தடம். ஆகவே தடமேற்றல். மெருகேற்றல், மின்னேற்றல் போல ஏற்றுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். தடமேற்று, தடமேற்றிய, தடமேற்றாத, மிகைத்தடம் என்று எல்லா வடிவமும் எடுக்கும். கிளைச்சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன: புகைத்தடம், எண்ணெய்த்தடம், மழைத்தடம், காலடித்தடம். தேய்வு, பழமை இரண்டிலும் இந்த வசதி இல்லை. 'எண்ணெய்த் தேய்வு' என்று சொல்லிப்பாருங்கள், வேறு ஏதோ நோய் மாதிரி இருக்கிறது.

———

> தடமேற்றல்

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் நெருடுகிறது.

முதலாவது, எல்லா வேவு விமானமும் ஸ்பிட்ஃபயர் இல்லை. என் மேசையில் இப்போது ஜப்பானிய மிட்சுபிஷி கி-46 இருக்கிறது. 1939 நவம்பரில் முதலில் பறந்தது, நேச நாட்டார் டைனா என்று பெயர் வைத்திருந்தார்கள். போர்க்கால ஜப்பானிய விமானங்கள் பலவற்றில், உலோகத்துக்கும் மேல்வண்ணத்துக்கும் நடுவே அடிப்பூச்சு இல்லாமலே வண்ணம் அடித்தார்கள். பசிபிக்கின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் அது தகடு தகடாக உதிர்ந்தது. இருந்த ஒன்று போய்விட்டதை எப்படித் தடம் என்பது?

இரண்டாவது, வெளிறல். மேல்பரப்பு முழுக்க ஒரே சீராக நிறம் மங்கினால் அதில் தடம் எங்கே?

———

சுவடு என்று வைத்தால் என்ன? சுவடேற்றல். தடத்தைவிடக் காதுக்கு இதம்.

———

> சுவடேற்றல்

இதம்தான். ஆனால் 'வயிற்றில் கொஞ்சம் சுவடேற்று' என்று யாரும் சொல்லப்போவதில்லை. கையில் தூரிகையும் பசையுமாக இருக்கிறவர் வாயில் வருகிற சொல் வேண்டும். கவிதைக்குச் சுவடு இருக்கட்டும்.

> இருந்த ஒன்று போய்விட்டதை

உதிர்ந்த இடமும் தடம்தான் என்று நினைக்கிறேன். தழும்பு என்பதும் தோல் போன இடத்தில் இருப்பதுதானே. அந்தக் கிளைக்கு உதிர்தடம் என்று வைக்கலாம். செய்முறையிலும் அது பொருந்துகிறது. முதலில் வெள்ளி நிறம், அதன் மேல் ஹேர்ஸ்பிரே, அது காய்ந்த பின் அக்ரிலிக் மேல்வண்ணம். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து, வண்ணம் தானே பெயர்ந்து வரும். கி-46 போன்ற விமானத்துக்கு இதைவிட இயல்பான வழி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இதே கிளைக்கு 'உலோகம் தெரிதல்' என்று முன்பு ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதை ஏற்கக் கூடாது. மொஸ்கிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் மேல் மிகுதியாகப் பறந்த வேவு விமானங்களில் ஒன்று, உடலும் இறக்கையும் மரம். உடலில் பால்சா என்ற லேசான மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை, அதற்கு மேல் துணி, அதற்கு மேல்தான் வண்ணம். மொஸ்கிட்டோவின் இறக்கையில் வெள்ளி நிற உதிர்வு போடுவதை எத்தனையோ மாதிரிகளில் பார்க்கிறோம். அங்கே உதிர்ந்தால் தெரிவது அலுமினியம் அல்ல. எஞ்சினை மூடுகிற உறைத் தகடுகளில் மட்டும் போடலாம், அவை உலோகம். ஸ்பிட்ஃபயரிலும் வால்சுக்கான் துணி போர்த்தியது. என்ன தெரிகிறது என்பது விமானத்துக்கு விமானம் மாறும், உதிர்வது மட்டும் பொது. ஆகவே சொல் உதிர்வில் நிற்கட்டும்.

வெளிறலில் நீங்கள் சொல்வது சரி. அதைத் தடத்துக்குள் திணிக்க வேண்டாம். வெளிறூட்டல் என்று தனிச்சொல்லாக, தடமேற்றலுக்கு முந்தைய படியாக வைக்கலாம். அடிவண்ணத்தில் துளி வெள்ளை கலந்து, தகடுகளின் நடுப்பகுதியில் மட்டும் மெல்லிசாகத் தெளிப்பது. வரிசையிலும் அது முதலில்தான் வருகிறது. டெக்கல் (சின்னங்களும் எண்களும் உள்ள ஒட்டுப்படம்) ஒட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். புகை, எண்ணெய், காலடித் தடங்கள் டெக்கலுக்குப் பிறகு.

———

நன்றி. வெளிறூட்டல் தனியாகப் பிரிந்தது எனக்கு வசதி, கையேட்டிலும் அது வேறு அத்தியாயம்.

ஒரே ஒரு சந்தேகம். ஆரம்ப கால வேவு ஸ்பிட்ஃபயர்களுக்கு, பிரிட்டனின் வேவுப் படப்பிரிவைத் தொடங்கிய சிட்னி காட்டன் வெளிர்பச்சை அடித்தார். பின்னால் வந்ததுதான் அந்த நீலம். தாழப் பறந்து மேகத்தடியில் படமெடுக்கப் போன சிலவற்றுக்கு வெளிர் இளஞ்சிவப்பு. இந்த வெளிர் நிறங்களைப் பார்த்துவிட்டு, 'நன்றாக வெளிறூட்டியிருக்கிறார்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ?

———

சொல்வார்கள். இளஞ்சிவப்பு ஸ்பிட்ஃபயரைப் பார்த்து, சிவப்பு விமானம் வெயிலில் மங்கிவிட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. நிறம் வேறு, நிறம் மங்கியது வேறு என்று படத்தோடு ஒரு பெட்டிச்செய்தி போட்டுவிடுங்கள். சொல்லால் தீர்க்கிற சிக்கல் இல்லை இது.

———

மறுப்பு வராததால் கையேட்டின் சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

தடமேற்றல் (பெ.): மாதிரியின் மேல், அது பயன்பாட்டில் இருந்ததன் அடையாளங்களைப் பூச்சாலும் பொடியாலும் உண்டாக்குதல். வினை: தடமேற்று. எ-டு: 'மங்கல் வார்னிஷ் அடிக்கும் முன்பே எண்ணெய்த்தடத்தை ஏற்றிவிட்டால், வார்னிஷ் அதன் பளபளப்பைக் கொன்றுவிடும்.' கிளை: புகைத்தடம், எண்ணெய்த்தடம், காலடித்தடம், உதிர்தடம்.

வெளிறூட்டல் (பெ.): வெயில்பட்டு நிறம் மங்கிய தோற்றத்தை அடிவண்ணத்திலேயே கொண்டுவருதல்.

'வாஷ்' இன்னும் தொங்கலில் இருக்கிறது. கழுவல் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். கழுவினால் அழுக்கு போகும், இங்கே அழுக்கு சேர்கிறது, அதனால் எடுக்கவில்லை. தகட்டுக்கோட்டில் மையை ஓடவிட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்தெடுக்கிற அந்த வேலைக்கு வேறு சொல் தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள்.