தம்பிக்கு எப்படிப் புரிய வைப்பது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். தம்பி போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தான். குடியை விட்டான், அம்மாவோடு சண்டை போடுவதை விட்டான். அதற்கு நான் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இப்போது வேலையையும் விட்டுவிட்டான். வீடு கட்ட எங்களுக்குக் கிடைக்கவிருக்கும் 7 பேர்ச் காணிக்கான படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில்தானே அக்கா" என்கிறான். படிவம் இரண்டு வாரமாக அவனுடைய வேதாகமத்துக்கு அடியில் கிடக்கிறது. பக்கத்திலேயே, தகரம் ஒழுகும் இடத்தில் வாளி. அம்மா விடியக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிறார். கொழுந்துக் கறை ஏறிய அந்தக் கைகளால்தான் அவனுக்கு ரொட்டி தட்டிக் கொடுக்கிறார்.

அவன் காட்டுவது, உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்கிற 1 யோவான் 2:15, அப்புறம் மத்தேயு 6. சரி, கவலைப்படாதே என்று இருக்கிறது. வேலை செய்யாதே என்று எங்கே இருக்கிறது? பவுல் கூடாரம் செய்து பிழைத்தாரே. சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறதே. சீடர்களை உலகத்தை விட்டு எடுத்துக்கொள்ளும்படி இயேசுவே கேட்கவில்லை, யோவான் 17:15.

இதைச் சொன்னால், "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று எழுந்து போகிறான். வாதாடி ஜெயிக்க எனக்கு ஆசையில்லை. அவனுடைய விசுவாசம் உடைந்துவிடவும் கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால், உங்களை மாற்றியது எது என்று எழுதுங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் இளைஞர்களோடு பொறுமையாகப் பேசும் போதகரோ பாதரோ தெரிந்தாலும் சொல்லுங்கள். படிவத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.