டி.சி.ஏ. (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) காலை வாரிவிட்ட இடங்கள்: லேப், கிளினிக் ஆட்கள் எழுதுங்க

அல்சூர் ஜெல்:
டி.சி.ஏ.வால் புரோட்டீனைப் படியவைத்து ஜெல்லில் ஏற்றுமுன், சாம்பிள் பஃபர் விட்டதும் அதிலுள்ள சாயத்தின் நீலம் பளிச்சென்று மஞ்சளாகிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். நாலு பங்கு சாம்பிளுக்கு ஒரு பங்கு 100% டி.சி.ஏ., ஐஸில் பத்து நிமிஷம், ஸ்பின் (சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றல்): இந்தக் கட்டம் வரை யாரும் தப்பு பண்ணுவதில்லை. கோட்டை விடுவது அசிட்டோன் வாஷில். பெல்லட்டில் (அடியில் படிந்த புரோட்டீனில்) மிஞ்சிய துளி அமிலமே அந்தச் சாயத்தை, ப்ரோமோஃபீனால் ப்ளூவை, மஞ்சளாக்கிவிடும். அப்படியே ஏற்றினால் ஜெல்லில் அந்த சாம்பிள் ஓடும் லேன் கோணும். பி.எச். சரிசெய்யாத 1 மோலார் டிரிஸ் பேஸை (காரக் கரைசல்) மைக்ரோலிட்டர் மைக்ரோலிட்டராக விட்டால் நீலம் திரும்பிவிடும். வாஷுக்குக் குளிர்ந்த அசிட்டோன் 200 மைக்ரோலிட்டர், ரெண்டு தடவை. பெல்லட்டை ரொம்பக் காயவிட்டால் கரையாது.

மல்லேஸ்வரம் ஸ்கின்:
ஒரு பார்லரில் முகத்துக்கு 35% டி.சி.ஏ. பீல் (மேல்தோலை உரிக்கும் சிகிச்சை). நெற்றி வெள்ளை பூத்ததும் பயந்துபோய், கிளைக்காலிக் பீலுக்குச் செய்கிற மாதிரி சோடா கரைசலை அப்பியிருக்கிறார்கள். வெள்ளை போகவே இல்லை. எப்படிப் போகும்? தோலின் புரோட்டீன் உறைந்ததுதான் அந்த வெள்ளை. அமிலமும் அதிலேயே தீர்ந்துவிடும். ஆழத்தை முடிவு செய்வது சதவீதமும் எத்தனை கோட் பூசுகிறோம் என்பதும். அடுத்த கோட்டுக்கு முன் மூணு நாலு நிமிஷம் பொறுத்து, வெள்ளை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நம்ம நிறத்துக்கு, வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரியும்போதே நிறுத்துவது நல்லது. கெட்டி வெள்ளை வரை போனால் கருந்திட்டு வர வாய்ப்பு அதிகம்.

யஷ்வந்த்பூர் பார்மா:
மேடம், பாதிதான் சரி. பிறப்புறுப்பு மருவுக்கு 80–90% டி.சி.ஏ. வைக்கும்போது பக்கத்தில் வழிந்தால் சோடா மாவு, டால்க், லிக்விட் சோப்பு போடத்தான் சொல்கிறார்கள், வினைபுரியாத அமிலத்தை எடுக்க. உறைந்ததை மீட்க இல்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் அந்த 35 மேல்தான். 35 கிராமை 100 மி.லி. தண்ணீரில் போட்டால் 35% ஆகாது. கரைத்த பிறகு மொத்தமே 100 மி.லி. இருக்கணும். பிரிக்காத 500 கிராம் பாட்டிலில் 227 மி.லி. தண்ணீர் விட்டால் மொத்தம் 500 மி.லி. ஆகி, சரியாக 100%. திறந்து வைத்த படிகம் மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கசியும், தராசு காட்டுவதில் பாதி தண்ணீர். 30%க்குக் கீழான கரைசலை நாள்பட வைத்தால் குளோரோஃபார்மாகச் சிதையும். இப்படி நீர்த்துப்போன “35”க்குக் கை பழகினவர், புது பாட்டில் வந்த அன்றும் அதே மூணு கோட் போடுவார்.

பனசங்கரி வாட்டர்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்கிறேன். டி.சி.ஏ. குழாய்த் தண்ணீரிலும் உண்டு. இலைமக்குக் கரைந்த ஆற்றுநீரில் குளோரின் போட்டால் உருவாகும். காவிரித் தண்ணீரும் விலக்கல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.2 மி.கி. அமெரிக்காவில் டி.சி.ஏ.வும் அதன் இனத்து நாலு அமிலங்களும் (ஹாலோஅசிட்டிக் அமிலங்கள்) சேர்த்தே 0.06. குளோரோஃபார்ம் மாதிரி ஆவியாகிப் போகாது, கார்பன் ஃபில்டர் பிடிக்கும். டெஸ்டுக்கு அனுப்பினால் பாட்டிலில் முதலிலேயே அம்மோனியம் குளோரைடு போடுங்கள். இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் வழியிலேயே இன்னும் கொஞ்சம் உண்டாக்கி, ரிப்போர்ட் கூடுதலாக வரும். மேல்தொட்டியில் ப்ளீச்சிங் போடுமுன் சேற்றை வழித்தெடுங்கள்.

மல்லேஸ்வரம் ஸ்கின்:
டால்க் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மருவுக்கு, முகத்துக்கு இல்லை.

ஹெப்பால் பென்ச்:
அல்சூர் சார், வாஷுக்கு 200 மைக்ரோலிட்டர் அசிட்டோன் போதாது. குழாயின் மேல்சுவரிலும் மூடியிலும் ஒட்டின அமிலம் அப்படியே நிற்கும். 500 விட்டு, மூடியோடு ஒருமுறை மெல்லக் கவிழ்த்துவிட்டு ஸ்பின் போடுங்கள்.