8க்கு 9 அடி அறை, இரண்டு பிள்ளைகள்: எந்தக் கட்டில் வாங்கலாம்?

மூன்றாம் மாடி:
சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டுச் சின்ன அறை 8க்கு 9 அடி. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. பீரோவும் அங்கேதான் நிற்கிறது. அதை நகர்த்தலாம் என்றாலே மாமியார் முகம் மாறிவிடும். நேற்று 6க்கு 3 அடி அளவில் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்துப் பார்த்தேன். இரண்டாவதை விரித்ததும் கதவு பாதியில் தட்டி நின்றது. அடுக்குக் கட்டில் சரிவருமா? மேல் தட்டு யாருக்கு என்று இப்போதே சண்டை.

ஆதம்பாக்கம் தாத்தா:
தரையை அளந்தீர்கள், தலைக்கு மேலே அளந்தீர்களா அம்மா? மேல் தட்டு மெத்தை ஏறக்குறைய 5 அடி உயரத்தில் வரும். 10 வயதுப் பெண் எழுந்து உட்கார்ந்தாலே தலை ஏழரை அடியைத் தொடும். ஃபேன் இறக்கை எட்டு, எட்டரை அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினால் போதும். என் பேரனுக்கு அப்படித்தான் விரல் நகம் பிய்ந்தது. அன்று மாலையே அதைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டினோம். உங்களுடையது கடைசி மாடியா? அப்படியானால் மே மாதத்தில் மேல் தட்டு தோசைக்கல்தான்.

மரத்தூள்:
6 வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்கவிடவே கூடாது. தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்க வேண்டும். பலர் 8 அங்குல மெத்தையைப் போட்டுக் கம்பியையே மறைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஏற்றது இழுப்புக் கட்டில்: இரண்டாவது கட்டில் பகலில் முதல் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கீழ் மெத்தை 4 அங்குலம் போதும். பார்ட்டிக்கிள் போர்டில், அதாவது மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையில் மட்டும் வாங்காதீர்கள். நம் ஊர் நவம்பர் ஈரத்தில் உப்பி, திருகாணி பிடிப்பு விட்டுவிடும்.

மூன்றாம் மாடி:
துடைப்பக் கட்டையைத் தூக்கிப் பிடித்து அளந்தேன்: ஃபேன் 8 அடி 2 அங்குலத்தில். கடைசி மாடியேதான் ஐயா. நகம் பிய்ந்த கதையை வாய்விட்டுப் படித்தேன். "பீரோவைக் கூடத்தில் போடு" என்று மாமியாரே சொல்லிவிட்டார்! அது போனால் கட்டிலை மூலைக்குத் தள்ளலாம், கதவும் முழுதாகத் திறக்கும். இழுப்புக் கட்டில்தான். சக்கரம் டைல்ஸைக் கீறாதா?

மரத்தூள்:
ரப்பர் சக்கரம் கேளுங்கள். வாரம் ஒருமுறை அடியில் கூட்டிவிடுங்கள்; கீறுவது சக்கரமல்ல, அதில் சிக்கும் மணல்.