பம்ப் பிளேட்டில் ‘ஹெட்’ மீட்டரில் இருப்பது ஏன்?

கேள்வி: மோனோபிளாக் பம்ப் பிளேட்டில் ‘டோட்டல் ஹெட் 30 மீ’ என்றிருக்கிறது. அழுத்தம் என்றால் கிலோவில்தானே சொல்லணும்? 30 மீட்டர் உயர டேங்குக்கு இது போதுமா?

பதில் 1: ஹெட் என்பது அந்த அழுத்தம் தாங்கி நிறுத்தும் திரவத்தின் உயரம். தண்ணீருக்கு 10 மீ = சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ. அதே பம்பில் மண்ணெண்ணெய் ஓட்டினாலும் ஏறும் உயரம் 30 மீட்டர்தான். கேஜ் (அழுத்தமானி) மட்டும் 3 கிலோவுக்குப் பதில் 2.4 காட்டும். அதனால்தான் மீட்டர்.

பதில் 2: 30 மீட்டர் டேங்குக்குப் போதாது. கிணற்று நீர்மட்டத்திலிருந்து டேங்க் வாய் வரை அளந்து, பைப் உராய்வு, எல்போ (பைப் வளைவு), ஃபுட் வால்வு (உறிஞ்சும் பைப்பின் அடியில் உள்ள வால்வு) இழப்பையும் கூட்டணும். பைப் சிறுத்தால் இழப்பு எகிறும்: ஒன்றரை இஞ்சுக்குப் பதில் ஒரு இஞ்ச் போட்டால், அதே ஓட்டத்துக்கு ஏழு மடங்குக்கு மேல்!

பதில் 3: உறிஞ்சும் பக்கத்தை மறக்காதீங்க. கிணற்றுத் தண்ணீரைப் பம்ப் வரை காற்றழுத்தம் தள்ளுவதே அதிகபட்சம் 10.3 மீ, நடைமுறையில் 6-7 மீட்டர்தான். ஊட்டியில் காற்றழுத்தமே சுமார் 8 மீ, அங்கே இன்னும் குறையும். இந்த உயரத்தை மீறினால் தண்ணீர் பம்புக்கு உள்ளேயே ஆவிக்குமிழியாகி, ஜல்லி உருளுகிற சத்தம் வரும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) பொத்தல் பொத்தலாகும். பம்பைக் கீழே இறக்குங்க, ஹெச்.பி. கூட்டினால் தீராது.